முப்பத்தெட்டு நொடி

வாசலில் நாற்பது நிமிடம்.
சட்டம் சொல்கிறது: எந்நேரமும், முன்னறிவிப்பின்றி.
காவலர் ரூட்சாலா என் அடையாள அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
பின்பக்கத்தில் வேறொரு சட்டம் இருக்கலாம் என்பதுபோல்.
சுப்பீரியர் ஏரியின் பனிக்காற்று
கம்பிவேலியில் தலை வாருகிறது.
எந்த அலுவலகம் என்றார்.
குறைகேள் அலுவலகம்.
"யாருடைய குறை?"
அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஓரல் டிக்கர்சனுக்கு ஐம்பத்தொன்று. ஆஸ்துமா.
இன்ஹேலர் தீர்ந்து ஆறு நாள்.
மருந்து கேட்டு அவர் எழுதிய மூன்று தாள்களும்
"பெறப்பட்டது" முத்திரையோடு
கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.
நவம்பர் ஒன்பது, பின்னிரவில்,
சுவரிலிருக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினார்.
எத்தனை முறை என்று சொல்ல ஆளில்லை.

பணிப்பதிவேடு சொன்னது:
ஒன்றரை, சரி. இரண்டு, சரி. இரண்டரை, சரி.
விடியும்வரை எல்லாம் சரி,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
மூச்சு விடாமல் எழுதியதுபோல்.

பகலில் சோதித்தேன்.
அறை பதினேழில், அவருடைய கட்டிலில் உட்கார்ந்து
அழுத்தினேன்.
முப்பத்தெட்டு நொடி. மூன்று பேர் ஓடிவந்தார்கள்,
ஒருவர் கையில் முதலுதவிப் பெட்டிகூட.
"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் கண்காணிப்பாளர் ப்ரூஸ்டர்.
எழுதிக்கொண்டேன்.
சுவரில் புதுச் சாயம். என் கோட்டுக் கையில்
இன்னும் இருக்கிறது அந்த வெளிர்பச்சை.

இரவு இரண்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்தேன்.
கூட வந்த இளங்காவலனிடம்
வாக்கி டாக்கியை மேசையிலேயே வைக்கச் சொன்னேன்.
சட்டத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
வெளியே நின்றான்.
அழுத்தினேன்.
பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான்.
ஐந்து நிமிடம்.
பதினொன்று.
யாரோ தூக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி
மன்னிப்புக் கேட்டார்.
இருபத்து மூன்றில், பதினெட்டாம் அறையிலிருந்து:
"அதை அழுத்தாதீங்கம்மா. கதவ உதைங்க.
அன்னைக்கு நாங்க எல்லாரும் உதைச்சோம்."

உதைத்ததற்குப் பதினான்கு பேர் மேல் நடவடிக்கை.
ஆளுக்கு முப்பது நாள் கேண்டீன் கிடையாது.
அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினேன்.
"இரண்டு பன்னிரண்டு முதல் இரண்டு நாற்பத்தொன்று வரை
கட்டுக்கடங்காத இரைச்சல்."
நடுவில், அந்த இரண்டரை. சரி.
அவர்களைத் தண்டித்த காகிதம்தான்
எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

கட்டுப்பாட்டு அறைப் பலகையில்
பதினேழின் விளக்குமேல் ஒரு கறுப்பு நாடா.
கண் கூசுகிறதாம்.
பகலில் அவர்கள் விளக்கைப் பார்த்து வரவில்லை,
என்னைப் பார்த்து வந்தார்கள்.

என்னிடம் சாவி இல்லை.
யாரையும் வேலையைவிட்டு அனுப்ப முடியாது.
கேட்கலாம்.
இன்னொரு முறை கேட்கலாம்.
நாற்பத்தொரு பக்கம், பதினாறு பரிந்துரை.
"கொள்கையளவில் ஏற்கப்படுகிறது" என்றது துறை.
ஓரலின் தங்கை வெர்லாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"கொள்கையளவில்னா எத்தனை நாள்?" என்றாள்.

ஜூன் மாதம் பதினெட்டிலிருந்து பென்சில் கடிதம்.
தியோ வைட்டாலா. எழுத்துக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
"நாடாவப் பிரிச்சுட்டாங்க.
இப்போ அழுத்தினா கதவுக்கு மேல செவப்பா எரியுது.
நேத்து ராத்திரி சும்மா அழுத்திப் பாத்தேன்.
ஒம்பது நிமிஷம். வந்தவன் திட்டினான்.
ஆனா வந்தான்."

ஒன்பது என்று கோப்பில் குறித்தேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
மூச்சை அடக்கிப் பார்த்தேன், மேசையில், யாருமில்லாதபோது.
நாற்பத்து நான்கு நொடி.

மறுநாள் விடியுமுன் வண்டியெடுத்தேன்.
வாசலில் இந்த முறை முப்பத்தைந்து நிமிடம்.